விலையில்லா மடிக்கணினியில் இரண்டு இயங்குதளம்

தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் லினக்ஸை விட்டுவைப்பதே மேல். இடம் போதாமல் நீக்கத்தான் வேண்டுமென்றால், முதலில் சான்றிதழ்கள், படங்களையெல்லாம் பென்டிரைவில் நகலெடுக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் லினக்ஸ் பகுதியை அழித்தால், கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் நிரலின் கோப்புகளும் அதோடு போய்விடும். விண்டோஸ் நலமாக இருந்தும் கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றுவிடும். எனவே, அழிக்கும் முன்பே, அந்தக்கால எம்பிஆர் வகை வட்டுகளில், விண்டோஸ் நிறுவல் டிவிடியிலிருந்து தொடங்கி, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் தெரிவுடன் இயக்க வேண்டும். விண்டோஸ் நேராகத் திறந்த பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதிகளை நீக்கலாம். ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ என்ற சிறு பகுதியைத் தொடவே கூடாது.