மாமாவை எழுப்பாதீங்க டாக்டர்!

மாத்தூர் என்று சொன்னால் எங்க காலேஜில் பாதி பேருக்குத் தெரியாது. 'மணலிக்குப் பக்கம்ப்பா' என்றால் உடனே மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள். கிண்டல்தான், ஆனால் முழுப்பொய் இல்லை! ராத்திரி மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுத்தால், மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஜுவாலை தூரத்தில் தெரியும். ரோட்டோரம் வரிசையாக டேங்கர் லாரிகள். அந்த லாரிகளை ரிப்பேர் பண்ணும் பட்டறைகள். எங்க மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்படி ஒரு பட்டறையில் வெல்டர்.

நிரம்பிய டேங்கர்தான் டேஞ்சர் என்று நாம் நினைக்கிறோம். மாமா எப்பவும் சொல்வார், "காலி டேங்க்தான்டா எமன்" என்று. பெட்ரோல் தீர்ந்தாலும் அதன் ஆவி காற்றோடு கலந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும். வெல்டிங் பொறி ஒன்று போதும். போன வருஷம் ஆடி மாசம், ஒரு மத்தியான வேளையில் அந்த ஒரு பொறி விழுந்தது. முகம், மார்பு, ரெண்டு கை, பாதி முதுகு. ஒரு கைக்கு 9, மார்புக்கு 9 என்று டாக்டர்கள் மனசுக்குள்ளேயே கூட்டி, 40 சதவிகிதம் என்றார்கள்.

சென்னையில் தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையைத்தான் முதலில் சொல்வார்கள். பல மாவட்டங்களில் இருந்தும் அங்கே ஆள் வரும். மாமா இருந்தது எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. அந்த வார்டின் வாசனையும், வெளியே பிளாஸ்டிக் சேரில் தூங்கும் சொந்தக்காரர்களும் எங்கேயும் ஒன்றுதான்.

முதல் நாள் எனக்குப் புரியாத ஒரு விஷயம், தீக்காயத்துக்கு ஏன் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள் என்பது. தோல் எரிந்தால் ரத்தக்குழாய்களில் இருந்து தண்ணீர் கசிந்து வெளியே போய்விடுமாம். ஒரு கிலோ எடைக்கு, ஒரு சதவிகிதக் காயத்துக்கு 4 மில்லி என்பது பல இடங்களில் கடைப்பிடிக்கிற கணக்கு. மாமா 60 கிலோ. போட்டுப் பாருங்கள், 9,600 மில்லி! அதில் பாதி முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். போகாவிட்டால் பிரஷர் இறங்கும். கிட்னிக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் பத்தாது. கல்லீரலுக்கு விழும் முதல் அடி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

மூச்சுக்குழாய் வீங்கியதால் வென்டிலேட்டர் வைத்தார்கள். தொண்டையில் குழாய் வைத்துக்கொண்டு யாராலும் சும்மா படுத்திருக்க முடியாது. அதனால் தூங்க மிடாசோலாம், வலிக்கு ஃபென்டனில். தினமும் டிரெஸ்ஸிங் மாற்றும்போது கெட்டமின். அப்புறம் அந்த கெட்டமினே நாள் முழுக்க பம்ப்பில் சொட்டு சொட்டாக ஏற ஆரம்பித்தது.

கெட்டமின் பற்றி நம்ம வயசுக்காரர்கள் வேறு மாதிரி கேள்விப்பட்டிருப்போம். பார்ட்டி மருந்து, 'ஸ்பெஷல் கே' என்று. 2011-ல் இந்தியாவில் அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் மருத்துவத்தில் அது பெரிய கில்லாடி. 1962-ல் அமெரிக்காவின் பார்க் டேவிஸ் கம்பெனிக்காக உருவாக்கப்பட்டது. வியட்நாம் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலை மலிவு. மற்ற மயக்க மருந்துகள் மாதிரி மூச்சையும் பிரஷரையும் சட்டென்று இறக்காது. தீக்காய வார்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். மாமா தூங்கினால் வலி இல்லை. கொஞ்சம் முனகினாலும், "சிஸ்டர்... சிஸ்டர்... மறுபடியும் தூங்க வெச்சிடும்மா. புண்ணியமாப் போவும்!" என்று கையெடுத்துக் கும்பிடுவார். காலையில் டாக்டர் வந்து மருந்தைக் குறைத்து, "கண்ணைத் திறங்க, என் கையைப் புடிங்க" என்று மாமாவை உசுப்புவார். அத்தைக்கு வரும் கோபம் இருக்கிறதே! "எழுப்பாதீங்க டாக்டர், அவரு என்னா பாவம் பண்ணாரு?"

எனக்கும் அத்தை பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. டூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டரிடமே கேட்டேன். நம்மைவிட நாலைந்து வயசு பெரியவர், அவ்வளவுதான். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் ஆறிப்போன டீ.

"தூக்கமும் வலி போறதும் ஒண்ணு இல்ல தம்பி. வலிக்கு வேற மருந்து, அது குறையாது. தூக்க மருந்தைத்தான் குறைக்கிறோம்" என்றார். 2000-ல் சிகாகோவில் 128 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்ததாம். வென்டிலேட்டரில் இருந்த ஒரு பிரிவினருக்குத் தினமும் ஒருமுறை மயக்க மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்த்தார்கள். அவர்கள் சராசரியாக இரண்டு நாளுக்கும் மேல் முன்னதாக வென்டிலேட்டரை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். "தீக்காயக்காரங்களை அப்படியே பட்டுனு நிறுத்தி எழுப்ப முடியாது. ஆனா எவ்ளோ கம்மியா கொடுத்து சமாளிக்கிறோம்ன்றதுலதான் விஷயமே இருக்கு" என்றார்.

பதினாறாவது நாள். துணி மாற்றும்போது அத்தைதான் கவனித்தார். மாமாவின் கண் வெள்ளை, மஞ்சளாக இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் 7.8. சாதாரணமாக 1-ஐச் சுற்றித்தான் இருக்க வேண்டும். இந்தச் செய்தி மாத்தூருக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பு. "வெல்டராச்சே... சரக்கு போடாமயா இருந்திருப்பான்? லிவர் எப்பவோ போயிருக்கும்." மாமா குடியை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. நம்ம ஏரியாவில் கையில் கரி படிந்த ஆளுக்கு மஞ்சள் காமாலை வந்தால் விசாரணையே கிடையாது, நேராகத் தண்டனைதான். அத்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டார். தீக்காயத்தைப் பார்த்தபோதுகூட அவர் அப்படிக் கூனிப்போனதில்லை.

போதாக்குறைக்கு, ஒரு பெரியவர் கீழாநெல்லியை அரைத்து டம்ளரில் கொண்டு வந்துவிட்டார். மூக்குக் குழாய் வழியாக ஊற்றச் சொல்லி ஒரே அடம். சிஸ்டர் அதை வாங்கி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, "ஐயா, இவரு கல்லீரல் இப்போ ஓவர்டைம் பாக்குது. புதுசா வேலை குடுக்காதீங்க" என்றார். எவ்வளவு அழகான பதில்!

அன்று சாயங்காலம் பி.ஜி. டாக்டர் அத்தையையும் என்னையும் உட்கார வைத்துப் பேசினார். அதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பெரிய தீக்காயம் வந்தவுடன் உடம்பு தன் கொழுப்பையே கரைத்து எரிக்க ஆரம்பிக்கும். அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி, அதை வீங்க வைக்கும். காயத்தில் கிருமி தொற்றினால் அதன் நஞ்சும் அங்கேதான் போகும். இதற்கு நடுவே ஆன்டிபயாடிக், பாராசிட்டமால், மயக்க மருந்து எல்லாவற்றையும் உடைத்து வெளியே அனுப்புவதும் அதே கல்லீரல்தான். அது சோர்ந்துபோனால் மிடாசோலாம் உடம்பிலேயே தங்கிவிடும். மருந்தை நிறுத்திய பிறகும் ஆள் நாள்கணக்கில் எழுந்திருக்க மாட்டார். மூளையில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று டாக்டர்களுக்கே பயம் வந்துவிடும். எழாததால் வென்டிலேட்டர் நீளும், வென்டிலேட்டர் நீண்டால் தொற்று, தொற்று வந்தால் மறுபடி கல்லீரல். சுத்திச் சுத்தி அதே கதை.

கெட்டமின் கதை இன்னும் புதுசு. அதிக அளவில், பல நாள் தொடர்ந்து ஏற்றினால் அது பித்தநாளங்களைப் பாதிக்கலாம். பித்தம் வடியாமல் தேங்கும். பிரான்ஸின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் டாக்டர்களுக்கு இது பற்றி எச்சரிக்கை அனுப்பியது. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனை டாக்டர்கள், தங்கள் தீக்காய நோயாளிகளின் பித்தத்தேக்கத்துக்கும் கெட்டமினுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார்கள். கொரோனா காலத்தில் வாரக்கணக்கில் கெட்டமினில் தூங்க வைக்கப்பட்ட சிலருக்கும் இதே சிக்கல் வந்தது. போதைக்காக வருஷக்கணக்கில் இழுப்பவர்களுக்குப் பித்தநாளமும் சிறுநீர்ப்பையும் கெடுவது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். டிரெஸ்ஸிங் நேரத்தில் ஒரு டோஸ் போடுவதற்கும், ராப்பகலாக பம்ப்பில் ஓடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

"அப்போ எங்க மாமாவுக்கு கெட்டமினாலதானா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அடிச்சு சொல்ல முடியாது. காயம், கிருமி, மருந்து... மூணுமே சேர்ந்திருக்கலாம். பித்தம் தேங்குற டெஸ்ட்தான் ரொம்ப எகிறியிருக்கு, அதனால எனக்கு அது மேல சந்தேகம். கெட்டமின் பம்ப்பை நிறுத்திடறோம். வேற மருந்துக்கு மாத்தறோம்." அப்புறம் அத்தையைப் பார்த்து, "குடியாலன்னு யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்கம்மா" என்றார்.

அத்தை அன்றைக்குத்தான், ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல்முறையாக, முழுசாக ஒரு தட்டு சோறு சாப்பிட்டார்.

மறுநாளே மஞ்சள் மறைந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நிஜத்தில் பிலிரூபின் இன்னும் நாலு நாள் ஏறி, 9-ஐத் தொட்டுவிட்டுத்தான் இறங்கத் தொடங்கியது. இறங்கியதும் ஆமை வேகம். மாமாவின் முழிப்பும் அப்படித்தான். முதலில் இமை, அப்புறம் விரல். கெட்டமின் குறைந்ததும் டிரெஸ்ஸிங் நேரத்தில் வலி கூடியது, அதையும் மறைக்க முடியாது. வெளியே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே மாமாவின் சத்தம். ஆனால் 'தூங்க வெச்சிடும்மா' என்ற வார்த்தை மட்டும் அதற்கப்புறம் அவர் வாயில் இருந்து வரவில்லை. ஒருநாள் டாக்டர் வழக்கம்போல, "கையைப் புடிங்க" என்றபோது, அத்தையே குனிந்து, "ஏய்யா... டாக்டர் கூப்புடறாரு பாரு, கண்ண முழி" என்றார்.

வீட்டுக்கு வர எழுபது நாள் ஆனது. விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை. பிசியோதெரபிக்கும், மாதம் ஒருமுறை கல்லீரல் டெஸ்ட்டுக்கும் நான்தான் பைக்கில் கூட்டிப்போகிறேன். பித்தநாளம் சுருங்குகிறதா என்று கொஞ்ச காலம் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். தலைவலிக்குக்கூட மாமா தானாக மாத்திரை போடுவதில்லை. என்ன மருந்து, எத்தனை நாள் என்று அத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். கீழாநெல்லிக்கும் அதில் தனிப் பக்கம் உண்டு, 'டாக்டரைக் கேட்கவும்' என்று.

வார்டு நாட்களில் மாமாவுக்கு ஞாபகம் இருப்பது கனவுகள் மட்டும்தான். டேங்கர் முழுக்கத் தண்ணீர், உள்ளே கலர் கலராக மீன்கள், நடுவில் அவர் வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறார். கெட்டமின் இப்படியெல்லாம் படம் காட்டுமாம். அதை அவர் சொல்லி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், யாரோ வாய்தவறி அந்தக் 'குடி' விஷயத்தை உளறிவிட்டார்கள்.

மாமா சிரிப்பதை நிறுத்தினார். மடங்காத விரல்களை மெதுவாகத் தூக்கி, "ஆறு வருஷம்டா... எவன் சொன்னான்?" என்றார்.