டோட்டோ சானுக்காக வரையப்படாத படங்கள்

'டோட்டோ சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரயில் பெட்டி வகுப்பறை, அன்பான தலைமை ஆசிரியர், அடுத்ததாக அந்தப் படங்களைத்தான் சொல்வார்கள். தண்ணீரில் இன்னும் கரைந்துகொண்டே இருப்பது போன்ற நிறங்கள். கன்னம் எங்கே முடிகிறது, வெள்ளைத்தாள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத முகங்கள். டோட்டோவைப் பக்கத்தில் உட்கார வைத்து வரைந்தது போலவே இருக்கும்.

ஆனால், அவற்றில் ஒன்றுகூட டோட்டோவுக்காக வரையப்பட்டதல்ல. டெட்சுகோ குரோயாநாகியின் அந்தப் புத்தகம் ஜப்பானில் வெளியானது 1981-ல். படங்களை வரைந்த சிஹிரோ இவாசாகி 1974-லேயே இறந்துவிட்டார்.

அப்படியானால் படங்கள் எங்கிருந்து வந்தன? அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் பிடிவாதம் இருக்கிறது.

சிஹிரோ பிறந்தது 1918-ல். டோக்கியோவில் வளர்ந்தார். ஓவியம், தூரிகை எழுத்து இரண்டும் கற்றார். வலது கையால் எழுதுவார், இடது கையால் வரைவார். ஆனால், படம் வரைந்து பிழைக்க முடியும் என்று அந்தக் காலத்தில் எந்த வீட்டில் நம்புவார்கள்? இஷ்டமில்லாமல் ஒரு கல்யாணம் நடந்தது. சில வருடங்களிலேயே கணவர் இறந்துபோனார். 1945 மே மாதக் குண்டுவீச்சில் டோக்கியோ வீடும் எரிந்தது.

போர் முடிந்த மறு வருடம், 27 வயதில், தனியாக டோக்கியோவுக்குத் திரும்பினார் சிஹிரோ. ஒரு பத்திரிகையில் நிருபர் வேலை. செய்தியும் எழுதுவார், அதற்குப் படமும் போடுவார். ஹிரோஷிமா ஓவியங்களுக்காகப் பின்னாளில் உலகமே அறிந்த மாருகி தம்பதியிடம் ஓவியம் கற்றதும் அப்போதுதான்.

1950-ல் மறுமணம். கணவர் வழக்கறிஞராவதற்குப் படித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் செலவுக்கு சிஹிரோவின் தூரிகைதான். அடுத்த வருடம் மகன் பிறந்தான். வாடகை அறையில் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு படங்களைக் குறித்த நாளில் முடித்துக் கொடுக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல், குழந்தையை நாகானோவில் விவசாயம் செய்துகொண்டிருந்த தன் பெற்றோரிடம் விட்டார். கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் போதும், ரயிலேறிவிடுவார். போனால், அங்கும் தூங்கும் மகனை வரைந்துகொண்டிருப்பார். மறு வருடம் டோக்கியோவின் ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிய பிறகுதான் குழந்தை அம்மாவிடம் வந்தான்.

பத்து மாதக் குழந்தைக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தை எதிரில் குழந்தையே இல்லாமல் வரைந்து காட்டுவார் என்று சிஹிரோவைப் பற்றிச் சொல்வார்கள். அந்தக் கை எப்படிப் பழகியது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாடப்புத்தகம், சிறுவர் இதழ், சோயா சாஸ் விளம்பரம் என்று வந்த வேலை எல்லாவற்றையும் செய்தார். பின்னாளில் அவருடைய பெற்றோரும் மாமியாரும் அதே வீட்டுக்கு வந்தார்கள். சமையல், முதியோர் கவனிப்பு, நடுவில் படங்கள்.

அந்த நாளில் ஜப்பானில் படம் போடுபவருக்கு ஒரு தொகை கொடுத்தால் கணக்கு முடிந்தது. அசல் ஓவியம் பதிப்பகத்திலேயே தங்கிவிடும். கேட்காமலேயே வேறு புத்தகத்திலும் போடுவார்கள். இடம் போதவில்லை என்றால் குப்பைக்கும் போகும். (எழுத்துக்குத் துணையாக வருவதுதானே படம் என்ற நினைப்பு நம் ஊருக்கும் புதிதில்லை.) சிஹிரோ இதை ஏற்கவில்லை. படம் வரைந்தவருடையது, அச்சானதும் அசலைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். அடுத்த வேலை கிடைக்காமல் போகலாம் என்று தெரியாமல் இல்லை. குடும்பமே அந்த வருமானத்தை நம்பி இருந்தது. அப்படியும் கேட்டார். தனக்காக மட்டுமல்ல, மற்ற ஓவியர்களோடு சேர்ந்தும் கேட்டார். தாள்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின.

1968-ல் வந்த புத்தகத்தில், மழை நாளில் வீட்டில் தனியாக அம்மாவுக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுமி. சொற்கள் குறைவு. அவளுடைய பயம் முழுவதும் ஈரமான நிறங்களில் இருக்கிறது. எழுத்துக்குத் துணையாக வருவது படம் என்றவர்கள் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

வியட்நாம் போர்ச் செய்திகள் வந்தபோது, எரிந்துபோன தன் வீடு நினைவுக்கு வந்திருக்கும்போல. உடல்நிலை மோசமான நிலையிலும் போரில் சிக்கிய குழந்தைகளைப் பற்றி ஒரு புத்தகம் வரைந்தார். 1973-ல் வெளிவந்தது. அவர் முழுமையாக முடித்த கடைசிப் புத்தகம் அதுதான். மறு வருடம் ஆகஸ்ட் 8 அன்று, கல்லீரல் புற்றுநோயால் 55 வயதில் காலமானார்.

வீட்டில் 9,000-க்கும் அதிகமான படங்கள் இருந்தன. 1977-ல், அவர் வாழ்ந்த அதே இடத்தில், குடும்பத்தினர் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள்.

அடுத்த சில வருடங்களில் குரோயாநாகி தன் பள்ளிக்கூட நாட்களை ஒரு மாத இதழில் தொடராக எழுத ஆரம்பித்தார். இதற்கு சிஹிரோவின் படங்கள்தான் வேண்டும் என்பது அவருடைய ஆசை. சிஹிரோவின் மகன் உதவ, அந்தத் தாள்களில் தேடத் தொடங்கினார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பொருத்தமாக ஏதோ ஒரு குழந்தை கிடைத்துக்கொண்டே இருந்தது. அட்டைக்கு, தொப்பி போட்ட ஒரு சிறுமி கிடைத்தாள்.