சத்து என்னும் சொல்

தமிழ்ப் பேச்சு வழக்கில் நோயைச் சொல்லும் முறை சற்று விந்தையானது. ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்றால் நீரிழிவு. ‘உப்பு இருக்கிறது’ என்றால் சிறுநீரகக் கோளாறு. ‘கொழுப்பு’ இருப்பவருக்கு இதய நோயும் இருக்கலாம், திமிரும் இருக்கலாம். இடம் பார்த்துப் பொருள் கொள்ள வேண்டும். அடுக்களைப் பொருள் ஒன்றின் பெயரோடு ‘இருக்கிறது’ சேர்ந்தாலே நோய்க்குறிப்பு முடிந்துவிடுகிறது. இரும்புக்கு மட்டும் இந்த வாய்பாடு பொருந்துவதில்லை. இரும்பு எப்போதும் குறையும், போதாமற்போகும். ஒருவருக்கு நோயாக ‘இருப்பதில்லை’. தவிரவும், அது வெறும் இரும்பாக வருவதில்லை, இரும்புச்சத்தாகவே வருகிறது. சத்து மிகுந்தால் தீங்கு நேரும் என்று தமிழில் நினைப்பதே கடினம்.

இவ்வழக்குக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாண்டு நோய்க்கு அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் கொடுத்த சித்த மருத்துவர்கள் குறைவைத்தான் கண்டார்கள். இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ஆனால் 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் பத்துக் கோடிக்கும் மேல் என்கிறது. இவ்விரு கூட்டமும் வெவ்வேறு தெருக்களில் வாழவில்லை. பல வேளைகளில் ஒரே வீட்டில், சில வேளைகளில் ஒரே உடலில் வாழ்கின்றன.

தில்லி திரிலோக்புரியில் அப்படி ஒரு வீடு. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மனைவிக்கு வயது நாற்பத்து நான்கு. நான்கு வீடுகளில் சமையல் வேலை. கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். படியேற மூச்சு வாங்குகிறது என்று அந்த அம்மாள் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்தில் ‘முழு உடல் பரிசோதனை’ செய்துகொண்டார். ஹீமோகுளோபின் 8.2. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.6. இரண்டாவது எண்ணைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுத்தார்கள், 6.5ஐத் தொட்டால் நீரிழிவு என்பது கணக்கு. “நான் காப்பிக்கே சக்கரை போடுறதில்லையே” என்று புலம்பிய அவர், அன்றிலிருந்து அரை வயிறு உண்ணத் தொடங்கினார். சோகை பிடித்த உடலுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

எச்பிஏ1சி சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் எவ்வளவு பங்கின்மீது சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும்; பழையதாக ஆக அதன்மேல் ஒட்டுவதும் கூடும். இரும்பு இல்லாதபோது எலும்பு மச்சையில் புதிய அணுக்கள் பிறப்பது குறைகிறது. இரத்தத்தில் முதியவையே மிஞ்சுகின்றன. ஆகவே சர்க்கரை ஏறாமலேயே எண் ஏறிவிடலாம். அரசு மருத்துவமனையில் இரண்டு தாள்களையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர், வெறும் வயிற்றுச் சர்க்கரையைச் சோதித்தார்: 94. இரும்பு மாத்திரை கொடுத்தார். மாதவிடாய்ப் போக்கு மிகுதியாக இருந்ததற்கும் சிகிச்சை செய்தார். மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.9, எச்பிஏ1சி 5.6. வாழ்நாள் முழுதும் சுமந்திருக்கவேண்டிய ஒரு பெயர் அவரைவிட்டு நீங்கியது.

கணவரின் கதை நேர் எதிரானது. ஏழாண்டுகளாக நீரிழிவு, பெருத்த வயிறு, ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல். அசதி என்றதும் மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொடுத்த இரும்புச்சத்து டானிக்கை ஒன்றரை ஆண்டாகக் குடித்துவந்தார், ‘ரத்தம் ஊற’. அவருடைய ஹீமோகுளோபின் 15. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 610.

உடலில் இரும்பு வரவு உண்டு, செலவு இல்லை என்பதே இங்கு முதன்மையானது. வளர்ந்தவர் உடலில் மொத்தம் மூன்று நான்கு கிராம் இரும்பு இருக்கும். நாளொன்றுக்குக் குடல் வழியே ஏறுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். தோல், குடல் அணுக்கள் உதிர்வதில் கழிவதும் அவ்வளவே. உப்பு மிகுந்தால் சிறுநீரகம் வெளியேற்றும். இரும்புக்கு அப்படியொரு வாய்க்கால் கிடையாது. மாதவிடாயோ குருதி இழப்போ இருந்தால்தான் உண்டு. எனவே கட்டுப்பாடு முழுதும் நுழைவாயிலில்தான். கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் சிறு புரதம் அந்த வாயிலைச் சாத்துகிறது.

வாயில் பழுதானால் என்ன ஆகும் என்பதை மரபுவழி இரும்பேற்ற நோய் காட்டிற்று. தோல் கருத்து, கல்லீரல் இறுகி, கணையம் சிதைந்து வரும் அந்நோய்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர்கள் ‘வெண்கல நீரிழிவு’ என்றே பெயரிட்டனர். இந்தியாவில் அது அரிது. ஆனால் தலசீமியாக் குழந்தைகளுக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு பை இரத்தமும் 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்பைக் கொண்டுவருகிறது; அதை நீக்கும் மருந்து கிடைக்காதவர்கள் பதின்வயதிலேயே நீரிழிவுக்கு ஆளாகிறார்கள். கட்டுக்குள் நில்லாத இரும்பு அணுக்களில் ஆக்சிஜனேற்றச் சிதைவை உண்டாக்குகிறது. இன்சுலின் சுரக்கும் அணுக்களுக்கு அதைத் தாங்கும் திறன் குறைவு.

ஆயினும் ஆட்டோக்காரரின் 610 முழுவதையும் இரும்பென்று கொள்வதும் தவறு. ஃபெரிட்டின் அழற்சியிலும் ஏறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல், நலமான பெரியவருக்குக் குறைபாட்டின் எல்லையை 15 என்றும், தொற்றோ அழற்சியோ உள்ளவருக்கு 70 என்றும் இரண்டாக வைத்தது. கொழுப்பேறிய கல்லீரல் ஓர் ஓயாத அழற்சி. அது ஹெப்சிடினையும் ஏற்றிவிடுவதால், பருத்த உடலில் ஃபெரிட்டின் நிறைவாகத் தோன்ற, உள்ளே இரும்புப் பஞ்சம் நிலவுவதும் உண்டு. இவருக்கு டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் பார்த்தார்கள்: 28 விழுக்காடு, இயல்பானது. நோய் இரும்பில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. எடை குறைய வேண்டும். டானிக் வேண்டாம் என்றார் மருத்துவர். இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்க்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நாளொன்றுக்கு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பார்க்கும் இடத்தில் அந்த ஐந்து நிமிடம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இப்போது அவ்வீட்டில் மனைவியின் தட்டில் கீரையோடு எலுமிச்சம்பழம் பிழியப்படுகிறது. உணவோடு குடித்துவந்த தேநீர் இரண்டு மணிநேரம் தள்ளிப்போயிற்று. கணவர் மாலையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு நடக்கிறார், மனமில்லாமல். “சத்து மருந்தை எதுக்கு நிறுத்தச் சொல்றாங்க?” என்பது அவருடைய தீராத ஐயம். பாதி மீந்த டானிக் புட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியதை எறிய அவருக்கு மனம் வரவில்லை.