ஐம்பது குதிரை வலுவில் ஸ்கொட்லாந்துக்கு

வட இங்கிலாந்தில் எம்-6 நெடுஞ்சாலை கென்டல் பக்கத்தைத் தாண்டியதும் ஷாப் மேட்டை நோக்கி ஏறத் தொடங்கும். புதுக் காரில் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏற்றம் இருப்பதே உறைக்காது. எங்கள் வானுக்கு நன்றாக உறைக்கும். நாலாம் கியரில் முனகும். மூன்றாம் கியருக்கு இறக்கினால் குரல் தெளியும். பாரமேற்றிய லொறிகள் எங்களைக் கடந்து போக, இடது ஓரத் தடத்திலேயே மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் ஏறிக்கொண்டிருப்போம். பக்கத்தில் அப்பா இருப்பார். கண் வீதியில் இருந்தாலும் காது முழுக்கப் பின்னால், எஞ்சினில் இருக்கும்.

கியரை இறக்கச் சொல்வதும் அவர்தான். இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ரேடியேற்றர் கிடையாது. காற்றுத்தான் அதைக் குளிர்விக்கிறது. அந்தக் காற்றை வீசும் விசிறியை எஞ்சினேதான் சுற்றுகிறது. ஏற்றத்தில் பெரிய கியரில் இழுத்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், விசிறியும் மெதுவாகச் சுற்றும், வேலை மட்டும் கூடும். கியரை இறக்கினால் சுற்று கூடும், காற்றும் கூடும். பார்ப்பவர்களுக்கு வாகனத்தை வதைப்பது போலத் தோன்றும். உண்மையில் அதற்கு மூச்சு விட இடம் கொடுக்கிறோம்.

வான் 1973ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன். ஜேர்மனியின் ஹனோவர் தொழிற்சாலையில் செய்தது. கட்டிலும் அலுமாரியும் அடுப்பும் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள சிட்மவுத் ஊரில், டெவன் என்ற பெயரில் முகாம் வான்கள் செய்தவர்களின் பட்டறையில் அதற்குள் ஏறின. இந்த வான் வகையின் முதல் வரைபடம் 1947 ஏப்ரல் 23ஆம் திகதி ஒரு குறிப்புப் புத்தகத்தில் போடப்பட்டது. வரைந்தவர் பென் பொன் என்ற நெதர்லாந்து வியாபாரி. கார் இறக்குமதி பற்றிப் பேச வூல்ஃப்ஸ்பேர்க் தொழிற்சாலைக்குப் போனவர், அங்கே உதிரிப்பாகங்களை ஏற்றித் திரிய வேலையாட்கள் தாங்களே கட்டியிருந்த தட்டை வண்டிகளைக் கண்டார். சாரதி முன் சில்லுக்கு மேலே, எஞ்சின் பின்னால், நடுவில் ஒரு பெட்டி என்று கோடு போட்டார். 1950 மார்ச்சில் உற்பத்தி தொடங்கியது. எங்களிடம் இருப்பது 1967இல் வந்த இரண்டாம் தலைமுறை. முன்கண்ணாடி ஒரே வளைவாக, பக்கக் கதவு சறுக்கித் திறப்பதாக இருக்கும். ஜேர்மனியில் 1979இல் அதை நிறுத்திவிட்டார்கள். பிரேசிலில் 2013 முடியும்வரை செய்தார்கள். காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தபிறகுதான் அங்கும் நின்றது.

நான் இதை வாங்கியதற்கு அதன் முகவெட்டு காரணமில்லை. அப்பாதான் காரணம். யாழ்ப்பாணத்தில் அவர் ஒஸ்ரின் ஏ-40 ஒன்றை ஹயருக்கு ஓட்டியவர். 1990இல் போர் திரும்பத் தொடங்கியபின் வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, பற்றரி வருவதும் தடைப்பட்டது. கார்கள் நிற்கவில்லை. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். புகை கண்ணைக் கரிக்கும். பிளக் கரி பிடிக்கும். கழற்றி, உரஞ்சி, திரும்பப் பூட்ட வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீராக்கும். இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் ஆட்களைக் கொண்டுபோனார். அப்படிப்பட்ட மனிதர் இங்கே வந்து என் காரின் பொனற்றைத் திறந்தால் ஒரு கறுப்பு பிளாஸ்ரிக் மூடிதான் தெரியும். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிவிடுவார். அவருடைய கைக்கு வேலை உள்ள ஒரு வாகனம் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வாங்கப் போன இடத்தில் அவர் முதலில் எடுத்தது துணி சுற்றிய காந்தம் ஒன்று. வெளியே பளபளவென்று பச்சையும் வெள்ளையுமாக நிறம் பூசியிருந்தது. சில்லு வளைவிலும் கதவுக்குக் கீழுள்ள பகுதியிலும் முன்கண்ணாடியின் கீழ்மூலைகளிலும் காந்தத்தை வைத்து இழுத்துக்கொண்டே வந்தார். தகடு உள்ள இடத்தில் ஒட்டும். கறள் தின்ற ஓட்டையை ஃபில்லர் பசையால் அடைத்து நிறம் பூசிய இடத்தில் வழுக்கி விழும். அன்று காந்தம் அடிக்கடி விழுந்தது. விற்பவரின் முகம் வாடியதும் அப்பா காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "விலையைக் குறைச்சால் எடுக்கலாம் தம்பி, எலும்பு நல்லாய்த்தான் கிடக்குது" என்றார். கீழே படுத்து நீள்சட்டங்களைச் சுத்தியலால் தட்டிக் கேட்டிருந்தார்.

இந்த வான்களைக் கொல்வது எஞ்சின் இல்லை, கறள்தான். கூரைத் தண்ணீர் ஓடும் பள்ளம், பற்றரித் தட்டு, சாரதியின் காலடித் தகடு, ஜக் பூட்டும் இடங்கள் என்று ஈரம் தங்கும் எல்லா மூலைகளிலும் அது உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். ஆகவே கறளுக்கு மேலே தகடு வைத்து மூடுவது வேலையே இல்லை. நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எறிய வேண்டும். வெட்டும்போது மனம் பதறும். கைப்பிடி அகலத்தில் தொடங்கிய ஓட்டை கதவு நீளத்துக்குப் போய்விடும். கதவின் கீழ்ச்சட்டத்தை வெட்டுமுன் உடல் தொய்யாமல் கீழே முண்டு கொடுத்தோம். புதுத் தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான் என்பதால் ஒரே இழுப்பில் வெல்டிங் செய்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி அங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு நடுவில் ஒரு பொட்டு என்று போய், பொட்டுகள் எல்லாம் சேர்ந்து கோடாகும்வரை பொறுக்க வேண்டும். பிறகு நாகம் கலந்த அடிப்பூச்சு, இணைப்புகளில் நீர்புகாப் பசை, உட்குழிகளில் மெழுகு. கடைசி இரண்டையும் யாரும் பார்க்கப் போவதில்லை. திருத்தியவரின் நேர்மை அந்த இடங்களில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பளபளக்கும் நிறப்பூச்சுக்குக் காசை இறைத்துவிட்டு உட்குழியை விட்டுவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எஞ்சின் வேலை அப்பாவுக்குத் திருவிழா. 1584 கன சென்ரிமீற்றர், எதிரெதிராகப் படுத்த நாலு சிலிண்டர், ஐம்பது குதிரை வலு. கியர்பெட்டியோடு பிணைக்கும் நாலு போல்ற்றையும் பின்தாங்கியையும் கழற்றி ஜக்கில் இறக்கினால், கொட்டகை நிலத்தில் முழு எஞ்சினும் வந்து உட்காரும். அதைச் சுற்றியுள்ள தகரங்களை முந்தியவர்கள் தேவையில்லை என்று கழற்றி எறிந்திருந்தார்கள். தகரம் இல்லாவிட்டால் கீழே போன சூட்டுக் காற்று மேலே ஏறி விசிறிக்குள்ளேயே திரும்பப் போகும். பழைய உதிரிப்பாகச் சந்தைகளில் தேடி ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தோம், விளிம்பு றப்பரையும் புதிதாக்கினோம். எண்ணெய் எவ்வளவு சூடாகிறது என்று காட்டும் மானி ஒன்றையும் பூட்டினேன்.

பெற்றோல் குழாய்களை மட்டும் ஒன்று விடாமல் அன்றைக்கே மாற்ற வேண்டும் என்று நின்றார் அப்பா. அது சரியான பிடிவாதம். பிரித்தானியாவில் 2021 செப்ரெம்பரில் இருந்து வழக்கமான பெற்றோலில் பத்து வீதம்வரை எதனோல் கலக்கிறார்கள். பழைய றப்பர் அதைத் தாங்காமல் வெடிக்கும். வெடித்த குழாய் சூடான எஞ்சினுக்கு மேலே சொட்டும். எஞ்சின் உறையோ மக்னீசியக் கலவை. பற்றிக்கொண்டால் அணைப்பது மகா கஷ்டம். வீதியோரத்தில் எரிந்து எலும்புக்கூடாய் நின்ற வான்களின் படங்களைப் பார்த்தவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

பிள்ளைகளை ஏற்றுவதற்காகச் செய்தவற்றில் நான் சமரசமே செய்யவில்லை. பின் இருக்கைக்குப் பட்டி இல்லாமல் வந்த வான் அது. தரைக்கு அடியில் கனத்த தகடு வைத்து, சட்டத்தோடு சேர்த்துப் பட்டிகள் பூட்டினோம். எங்கள் வானில் வெப்பமூட்டி என்பது புகைக்குழாயைச் சுற்றி ஓடும் காற்றுத்தான். அந்த உறை ஓட்டையானால் நச்சுப்புகை பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கே வரும். இரண்டு பக்க உறையையும் புதிதாகப் போட்டு, காபன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியும் தீயணைப்பானும் வைத்தோம். நாற்பது வயது கடந்த வாகனத்துக்கு 2018 மேயில் இருந்து இங்கே வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. நாங்கள் ஆண்டுதோறும் கொண்டுபோகிறோம். வேறொரு கண் அடியில் பார்ப்பது எனக்குத் தேவை.

உள்ளே மனைவியின் ராச்சியம். பழைய ஒட்டுப்பலகை அலுமாரிகளைக் கழற்றி, உரஞ்சி, வார்னிஷ் பூசித் திரும்பப் பூட்டினாள். இரட்டை அடுப்பில் ஒன்றில் தேத்தண்ணி, மற்றதில் புட்டுப் பானை வைக்கலாம் என்பதை அளந்து பார்த்துத்தான் சம்மதித்தாள்.

ஷாப் மேட்டைத் தாண்டி, கிளாஸ்கோவைத் தாண்டி, லொக் லோமண்ட் ஏரிக்கரை வழியாக வடக்கே போனோம். பிரிட்ஜ் ஒஃப் ஓர்க்கி கடந்து ரன்னொக் மூர் வெளிக்கு ஏறும்போது வான் இடறியது. வலு இறங்கிக்கொண்டே போனது. மரமில்லாத பெருவெளி, கறுத்த குட்டைகள், பழுப்புப் புல், எல்லாவற்றுக்கும் மேலே தாழ்ந்து கிடந்த முகில். வீதியோர ஒதுக்கில் நிறுத்திக் கதவைத் திறந்ததுமே மிட்ஜ் பூச்சிகள் மூடிக்கொண்டன. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் காதுமடல் எரியும்.

"பெற்றோல் இல்லை, நெருப்புத்தான் குறையுது. பொயின்றைப் பார்" என்றார் அப்பா. மகள் பின்மூடியைத் தூக்கி விளக்குப் பிடித்தாள். டிஸ்ரிபியூட்டரின் இரண்டு கவ்விகளையும் தட்டி மூடியை எடுத்தோம். தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பொயின்று அண்மையில்தான் போட்டது; அதன் குதி தேய்ந்து, இடைவெளி கிட்டத்தட்ட மூடியிருந்தது. திறக்க வேண்டிய அளவு 0.4 மில்லிமீற்றர். நான் ஃபீலர் கேஜைத் தேடமுன் அப்பா தீப்பெட்டியின் மட்டையைக் கிழித்து இடையில் செருகிவிட்டார்.

"அப்பப்பா, மட்டையால எப்பிடி அளக்கிறது?"

"பிள்ளை, தட்டுப்பாட்டுக் காலத்தில இதுதான் எங்கட அளவுகோல். மட்டை பிடிக்கவும் வேணும், இழுத்தால் வரவும் வேணும்."

அவள் புல்லியை ஸ்பனரால் மெல்லத் திருப்ப, அவர் திருகாணியை இறுக்கினார். பிறகு கேஜை வைத்துப் பார்த்தோம். சரியாகவே இருந்தது. எஞ்சின் முதல் திருப்பிலேயே எழுந்தது. ஒரு கணினியும் இல்லாமல், எவருக்கும் தொலைபேசாமல், மூன்று தலைமுறையும் ஒரே மூடிக்குள் தலையை விட்டுச் செய்த வேலை அது. இதற்காகத்தான் அந்தத் தகடுகளை எல்லாம் வெட்டி ஒட்டினேன்.

அதன்பின் கிளென்கோவின் மலைச்சுவர்களுக்கு நடுவே இறங்கி, மேற்குக் கரைக்குப் போய், பியலக் நா பா கணவாயில் ஏறினோம். கடல்மட்டத்தில் தொடங்கி 626 மீற்றர் உயரத்துக்குப் போகும் ஒற்றைத்தட வீதி. 1970களில் கரையோரப் பாதை போடும்வரை ஆப்பிள்குரொஸ் கிராமத்துக்கு வாகனம் போக இதுதான் வழி. ஓட்டப் பழகுகிறவர்களும் மிகப் பெரிய வாகனங்களும் போக வேண்டாம் என்று அடிவாரத்தில் பலகை இருக்கிறது. மேற்பகுதியில் கொண்டை ஊசி வளைவுகள். முதலாம் கியரிலேயே ஏறினோம். எண்ணெய்ச் சூடு 110 பாகையைத் தொட்டது. விலகிக் கொடுக்கும் இடங்களில் நிறுத்தக் கூடாது என்பதால் உச்சிவரை போய்த்தான் நின்றோம். நின்றதும் எஞ்சினை அணைக்க விடவில்லை அப்பா. அணைத்தால் விசிறியும் நிற்கும். ஊசி இறங்கும்வரை சும்மா சுற்றவிட வேண்டும். அந்த நேரத்தில் மகன் கூரையைத் தூக்கித் தன் தொங்குகட்டிலில் ஏறி, வலைச் சாளரம் வழியாக றாசே தீவையும் அதற்குப் பின்னால் ஸ்கை தீவின் மலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆப்பிள்குரொஸ் முகாம் வெளியில் இரவு தங்கினோம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வால்வு இடைவெளி பார்க்க வேண்டும், 0.15 மில்லிமீற்றர். வெளிவால்வின் தண்டு நீண்டு இடைவெளி இறுகினால் வால்வு முழுதாக மூடாது. மூடாவிட்டால் சூட்டை இறக்க வழியின்றிக் கருகிப்போகும். மகள் வானின் அடியில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டாள். முதலாம் சிலிண்டரில் தொடங்கி நாலையும் அவளே பார்த்தாள். மூன்றாவதில் மட்டும் கொஞ்சம் இறுக்கம் என்று சொல்லித் தளர்த்தினாள். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் குந்தியிருந்தார், கையை நீட்டவில்லை.

வெளியே வந்தவள் எண்ணெய்க் கையோடு இன்னொன்றும் சொன்னாள்: முன் இடது சில்லு வளைவின் உள்விளிம்பில் நிறம் கொப்புளித்திருக்கிறதாம். அப்பா குனிந்து விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்துத் தலையாட்டினார். மாரிக்கு முன் அந்த இடத்தை வெட்டி ஒட்ட வேண்டும். வெட்டுவதைத் தானே செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய தலைக்கு அளவான வெல்டிங் முகமூடி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.