உரத்துச் சொன்ன இலக்கம்

போர்க்காலத்தில் பள்ளிமுனையிலிருந்து புறப்பட்டால், சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு, மாலையில் பெயரையும் துண்டு இலக்கத்தையும் உரத்துச் சொல்லி மீட்க வேண்டும். ஒருநாள், காலையில் என் பின்னால் நின்று கேட்டிருந்த எவரோ அவற்றைச் சொல்லி என் அட்டையைப் பெற்றுப் போய்விட்டார். அன்றிரவு நான் யாரென்று நிறுவ விடியும்வரை நின்றேன்.

1983இல் பெர்க்லி யுனிக்ஸுடன் வந்த 'ரெக்செக்' சேவையகமும் அவ்வாறே. தொலைவிலிருந்து கட்டளையிடுபவர் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் 512ஆம் வாயிலுக்கு மறைப்பின்றி அனுப்புவார். சேவையகம் அச்சொல்லைக் குறியாக்கித் தன் கோப்பிலுள்ளதோடு ஒப்பிடும். பொருந்தினால் கட்டளையை நிறைவேற்றும்.

சரிபார்ப்பில் குறையில்லை; வழிதான் திறந்து கிடந்தது. 1995இல் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டபின், தாத்து இலோனன் வழியையே குறியாக்கும் எஸ்எஸ்எச்சை எழுதினார்.

காவலர் கேட்டது சரியான கேள்விதான். அதற்கான பதிலை ஊரே கேட்க நேர்ந்ததுதான் பிழை.