ஒன்றாம் தேதிக் காலை

மும்பை மாதுங்காவில் வசிக்கும் அந்த வங்கி அதிகாரிக்கு அப்பாவின் ஞாபகமாக மிஞ்சியது ஒரு கைக்கடிகாரம். துபாயிலிருந்து மாமா வாங்கி வந்த சீக்கோ 5. கிழமையை ஆங்கிலத்திலும் அரபியிலும் காட்டும். அப்பா போன பிறகு ஒரு வருடம் பீரோவில் கிடந்தது.

முதலாண்டுத் திதி முடிந்த இரவு அதை எடுத்து நாலு குலுக்குக் குலுக்கினார். ஓடியது. முள்ளைப் பதினொரு மணிக்கு வைத்தார். சாவியை ஒரு கட்டம் இழுத்துத் தேதியைத் திருப்பினார். ஏதோ தடுத்தது. அழுத்தித் திருப்பியதும் 'டக்'கென்று சத்தம். தேதி மாறிவிட்டது.

காலையில் பார்த்தால் பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடங்களில் நின்றிருந்தது. ஜன்னலில் இரண்டு எண்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தன.

ரயில் நிலையத்தருகே இருந்த முதிய வாட்ச் ரிப்பேர்காரர் உடனே திறந்துவிடவில்லை. "இந்த மாடலுக்குச் சாவி கொடுக்க முடியாது. கை அசைந்தால்தான் ஸ்பிரிங் முறுக்கேறும். தேதியைத் தள்ள அதிக பலம் வேண்டும். பலம் போதாவிட்டால் நடுராத்திரியில் நிற்கும். இரண்டு நாள் கட்டிப் பாருங்கள் சார்" என்றார்.

கட்டிப் பார்த்தார். மறுபடியும் அதே நேரத்தில் நின்றது.

இந்தத் தடவை பெரியவர் ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தேதியை எத்தனை மணிக்கு மாற்றினீர்கள்?"

"ராத்திரி பதினொன்றுக்கு."

பெரியவர் சிரித்தார். இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை நாலு வரை, தேதியை மாற்றும் கியர் தேதிச் சக்கரத்தின் பல்லோடு கோத்திருக்கும். அந்த நேரத்தில் சாவியாலும் திருப்பினால் ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும். முதலில் முள்ளைக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவர வேண்டும், பிறகுதான் தேதி. நடுப்பகலில் தேதி மாறினால் முள் அரை நாள் பிசகியிருக்கிறது என்று அர்த்தம். இன்னும் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் திருப்பினால் சரியாகிவிடும்.

திறந்தபோது, தேதியைத் தள்ளும் விரல் போன்ற துண்டு சிதைந்திருந்தது. ஓடாத வேறொரு கடிகாரத்திலிருந்து எடுத்துப் பொருத்தினார்.

வீடு திரும்பும்போது அவருக்கு அப்பாவின் பழக்கம் நினைவுக்கு வந்தது. அந்தக் கடிகாரத்துக்கு எல்லா மாதமும் 31 நாள்தான். மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் என்று வருடத்தில் 5 தடவை ஒன்றாம் தேதியன்று திருத்த வேண்டும். அப்பா காலையில் காபி குடித்துவிட்டுத்தான் திருத்துவார். "ராத்திரியே மாற்றிவிட்டால் என்னப்பா?" என்று மகன் கேலி செய்ததுண்டு. "காலையில் பார்த்துக்கலாம்" என்பதற்கு மேல் அப்பா பேசியதில்லை. வயதானவரின் பிடிவாதம் என்றே வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அடுத்த ஒன்றாம் தேதி காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவர் கடிகாரத்தைக் கழற்றினார். கையில் செல்போனோடு நின்ற மகள், "இதை நேற்று ராத்திரியே செய்திருக்கலாமேப்பா" என்றாள்.

அவர் அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். காரணத்தையும் சொன்னார்.