நிற்காமல் போன வண்டி



குருமனையின் பின்தாழ்வாரத்தில் மூன்று மோட்டார் சைக்கிள்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். என் தகப்பனார் விட்டுச்சென்ற 350 சிசி புல்லட் ஒன்று. மைசூரில் செய்யப்பட்ட எஸ்டி ஒன்று. பழைய ராஜ்தூத் ஒன்று. "ஒருவருக்கு மூன்று வண்டி எதற்கு, ஐயா?" என்று வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவேன். இந்த வாரம் அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை தேட வேண்டியவனானேன்.

புல்லட் நம் மண்ணோடு கலந்துவிட்ட வண்டி. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் இணைந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றார்கள். இங்கிலாந்தில் 1970-ல் உற்பத்தி நின்றுபோனது; இங்கே நிற்கவில்லை. 2013-ல் நம் மாவட்டத்து ஒரகடத்திலும் 2017-ல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் திறந்தன. பிறந்த ஊரில் மறைந்த வண்டி, அன்றாடம் கை பட்டுக்கொண்டிருந்த ஊரில் பிழைத்துக்கொண்டது.

கை படாவிட்டால் என்ன ஆகும் என்பதை எஸ்டி எனக்குக் கற்பித்தது. அதன் கியர் லீவரையே உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கர் ஆகிவிடும். அந்த விநோதத்தை வந்தவர்களுக்குக் காட்டிவிட்டுத் துணியால் மூடி வைப்பேன். அப்படியே எட்டு மாதங்கள் கழிந்தன. ஒருநாள் உதைத்தபோது உயிர் வரவில்லை. பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைத்திருந்தது. டேங்கின் உட்புறம் துருவேறியிருந்தது. பாட்டரி செத்திருந்தது. பழுது பார்த்த மெக்கானிக் சொன்னார்: "நீங்க இதை ஓட்டிக் கெடுக்கல, ஐயா. ஓட்டாம கெடுத்துட்டீங்க."

அன்றுமுதல் ஒரு நியமம் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை காலைதோறும் மூன்றையும் ஒவ்வொன்றாக ஓட்டிவிட்டு வருவேன். புல்லட்டின் பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் கொண்டு அளப்பேன். இஞ்சின் குளிர்ந்திருக்கையில் டேப்பெட் மூடியைத் திறந்து, புஷ்ராடுகளை விரலால் சுழற்றிப் பார்ப்பேன். தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. பிறகு கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தை அறிந்து, டீகம்ப்ரஷரைப் பிடித்து, சற்றே இறக்கி, விட்டு உதைப்பேன். வலிமையைவிடப் பொறுமைக்கே அந்த இஞ்சின் இணங்கும். ஒரு வாரமும் நான் தவறியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

சென்ற வாரம், நம் சபையின் மூத்த நெசவாளர் ஒருவர் படுக்கையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பிள்ளையார்பாளையத்துக்குச் சென்றேன். ஆராதனைக்கு அவர் வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. குழித்தறியில் உட்கார்ந்து உழைத்த கால்கள் நடக்க மறுக்கின்றனவாம். தறியில் பாவு பாதியில் நிற்க, அதன்மேல் பழைய வேட்டி ஒன்று போர்த்தப்பட்டிருந்தது. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் அவரே பேசினார்.

"சனிக்கிழமை காலையில உங்க வண்டிச் சத்தம் கேக்கும், ஐயா. ஐயா போறாருன்னு வீட்டுல சொல்லுவேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. என்னைக் கண்ட மகிழ்ச்சியில் சொன்னார். ஆனால் நான் பதில் பேச இயலாதவனானேன். வாரந்தோறும் அந்தத் தெரு வழியாகவே புல்லட்டை ஓட்டியிருக்கிறேன். இரும்பு துருப்பிடிக்கக் கூடாதென்று ஓட்டினேன். இருபதடி தொலைவில் ஒரு மனிதர் அந்தச் சத்தம் நெருங்குவதையும் தேய்ந்து மறைவதையும் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு சபை அங்கத்தினர் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். ஒவ்வொரு குடும்பத்தின் பெயரும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. எந்த வீட்டுக்கு எப்போது கடைசியாகப் போனேன் என்று நினைவுகூர முயன்றபோது, பல பெயர்களுக்கு என்னிடம் விடை இல்லை. எஸ்டிக்குத் துணி போர்த்தி வைத்தேன். இவர்களுக்கு நீல மையினால் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். சேர்த்து வைத்தலும் பேணுதலும் ஒன்றல்ல என்று மெக்கானிக்கிடம் கற்ற பாடத்தை, என் ஊழியத்துக்குப் பொருத்திப் பார்க்க எனக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

பூமியில் சேர்க்கும் பொக்கிஷத்தைத் துரு தின்னும் என்று ஆண்டவர் எச்சரித்ததைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். துருவை வெல்ல நான் எண்ணெயும் உப்புத்தாளும் வாங்கினேன். எது பொக்கிஷம் என்பதை மட்டும் கேட்க மறந்தேன்.

வண்டிகளை நான் வெறுக்கவில்லை, விட்டுவிடப் போவதுமில்லை. ராஜ்தூத்தை மட்டும், அதை நாள்தோறும் ஓட்டக்கூடிய ஒரு தம்பிக்குக் கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். மற்ற இரண்டும் சனிக்கிழமைகளில் முன்போலவே ஓடும். ஆனால் இனி அவை வழியில் நிற்கும். நேற்று பிள்ளையார்பாளையத்தில் இஞ்சினை அணைத்தபோது, நான் கதவைத் தட்டுமுன்னே உள்ளிருந்து, "வாங்க ஐயா" என்று குரல் வந்தது.

நீங்கள் அன்றாடம் கடந்து செல்லும் தெருவில், உங்கள் வண்டியின் சத்தத்தை அடையாளம் தெரிந்தவர் யார்? இந்த வாரம் அங்கே ஒருமுறை நில்லுங்கள். கர்த்தர் உங்களோடிருப்பாராக.